சிமிட்டலை எண்ணு!

எண்ணூர்க்காரர்களிடம் கரண்ட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் சாம்பல் கதைதான் வரும். மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி காயப்போட்டால், சாயங்காலம் சாம்பல் கலர் வேட்டி கிடைக்குமாம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-இல் ஓட ஆரம்பித்து 2017 மார்ச் 31-ஆம் தேதி மூடப்பட்டது. திறன் 450 மெகாவாட். இப்படி எண்ணைச் சொன்னால் கொட்டாவி வரும். 75 வாட் ஃபேனால் வகுத்துப் பாருங்கள். அறுபது லட்சம் ஃபேன்! (வழியில் கம்பி தின்கிற நஷ்டத்தை விட்டுவிட்டேன்.)

வாட் வேறு, யூனிட் வேறு. பந்தியில் ஒருத்தர் எத்தனை வேகமாகச் சாப்பிடுகிறார் என்பது வாட். எழுந்திருக்கும்போது மொத்தம் எத்தனை இட்லி உள்ளே போயிற்று என்பது யூனிட். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அவ்வளவுதான் சார் சமாசாரம். ஆனால் இது தெரியாமல் ஒரு நட்பே முறிய இருந்தது.

2023 கோடை. திருவொற்றியூரில் ஒரே ரூமில் மூன்று பிரம்மச்சாரிகள். ஒருத்தன் எனக்குத் தம்பி முறை. துறைமுகத்துப் பக்கம் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் வேலை, தினம் தேய்த்த சட்டைதான் போடுவான். இரண்டு மாத பில் 540 யூனிட், 2270 ரூபாய். மற்ற இரண்டு பேரும் பஞ்சாயத்து வைத்துவிட்டார்கள். "டெய்லி இஸ்திரி போட்டா கரண்ட்டு பிச்சிக்காதா? ஆயிரத்த நீ குடு!" ஊருக்குப் பணம் அனுப்புகிற பையன். "ரூமைக் காலி பண்ணிடறேண்ணா" என்று என்னிடம் வந்து நின்றான்.

பேப்பரை எடுத்தோம். இஸ்திரிப் பெட்டி 750 வாட், தினம் பத்து நிமிஷம். அறுபது நாளைக்கு ஏழரை யூனிட். ப்பூ! மூன்று ஃபேன், தினம் இருபது மணி நேரம்: 270. டியூப்லைட், டி.வி. எல்லாம் சேர்ந்து 46. ஆக 323 சொச்சம். பாக்கி 216 யூனிட்டை எவன் தின்றான்?

மீட்டரைக் கேட்டோம். அதன் முகத்தில் 3200 என்று அச்சடித்திருந்தது. சிவப்பு விளக்கு அத்தனை தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். (உங்கள் மீட்டரில் வேறு எண் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.) எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரு ஃபேன் மட்டும் போட்டால் நிமிஷத்துக்கு நாலு சிமிட்டல். இஸ்திரிப் பெட்டி நாற்பது. அதைப் பார்த்ததும், "பாத்தியா, பாத்தியா!" என்று குதித்தார்கள். நாற்பதுதான், ஆனால் பத்தே நிமிஷம்!

அடுத்து ஃப்ரிட்ஜ். யாரோ காலி பண்ணும்போது சல்லிசாகக் கொடுத்துவிட்டுப் போனது. எட்டு சிமிட்டல், அதாவது 150 வாட். சாதுவாகத்தான் தெரிந்தது. ஆனால் ஒரு மணி நேரம் காத்திருந்தும் கம்ப்ரசர் நிற்கவே இல்லை. ஒழுங்கான ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும். இதன் கதவு ரப்பர் கிழிந்து, திருவொற்றியூரையே குளிரப்பண்ணிக்கொண்டிருந்தது. 150 வாட், 24 மணி நேரம், 60 நாள். போட்டுப் பாருங்கள், சரியாக 216!

இதில் இன்னொரு வில்லன், 500-ஆவது யூனிட். 2022 செப்டம்பர் 10 முதல் வந்த கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய். 501 ஆனால் 1958! தாண்டியதும் கீழ்ப்படிச் சலுகையில் ஒரு பகுதி போய்விடும். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். அந்தக் காசில் பிரியாணியே சாப்பிடலாம். (2024 ஜூலையில் விகிதங்கள் மறுபடி ஏறின.)

கேஸ்கெட் மாற்றினார்கள். அடுத்த பில் 440 யூனிட், 1365 ரூபாய். 905 ரூபாய் மிச்சம். தம்பி ரூமைக் காலி பண்ணவில்லை. மற்ற இரண்டு பேர் சட்டையும் இப்போது அவன் பெட்டியில்தான் தேய்கிறது.