பழமனையும் அதற்கு உரியாரும்

செட்டிநாட்டுப் பெருமனைகளைக் குறித்து எழுதுவோர் பலரும் பர்மாத் தேக்குத் தூணின் உருட்சியையும், இத்தாலியச் சலவைக்கல்லின் தண்மையையும், ஆத்தங்குடித் தளக்கல்லின் வண்ணத்தையும் வியந்து, அவ்வளவில் எழுதுகோலை வைத்துவிடுகின்றனர். அம்மனைகட்கு உரியராய் இருப்பார் படும் பாட்டை எழுதப் புகுந்தார் மிகச் சிலரே. காண்பார்க்கு ஒரு நாழிகை இன்பம். உடையார்க்கோ ஆண்டு முழுவதும் கவலை. இவ்வீடுகள் இடிபட்டு மறைவதற்கு உடையாரின் அறியாமையும் பணவேட்கையுமே காரணம் என்னும் கருத்து நம் மாணவரிடையும் உலவக் காண்கின்றோம். அக்கருத்துப் பொருந்தாதென்பது எம் துணிபு.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்களில் இவ்வகை வீடுகள் நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி அடுத்த நூற்றாண்டின் முற்பகுதிவரை, நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் ஈட்டிய பொருளால் எழுந்தவை அவற்றுட் பல. ஒரு தெருவில் முகப்புத் தொடங்கி, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி எனக் கட்டுக்கட்டாய் நீண்டு, அடுத்த தெருவிற் பின்வாயிலாய் முடியும் வீடுகளும் உண்டு. வளவின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதனைச் சூழ்ந்த அறைகள், மணமான ஆண்மக்கட்கு ஆளுக்கொன்றாக ஒதுக்கப்பட்டவை. மணமான ஒவ்வோர் இணையையும் ‘புள்ளி’ என்று எண்ணுவது அவர் மரபு. சுவர்களோ, சுண்ணாம்பும் மணலும் கடுக்காய் நீரும் கருப்பட்டியும் கூட்டி அரைத்த சாந்தால் ஆகியவை. மேற்பூச்சிற்கு முட்டை வெண்கருவும் சேர்த்துத் தேய்த்து மெருகேற்றினர். நூறாண்டு கழிந்தும் அச்சுவரிற் கைவைப்பின் பளிங்கெனவே வழுக்கும். வெளியே சித்திரை வெயில் காய, உள்ளே முற்றத்துத் தூணிற் சாய்ந்திருப்பார்க்கு விசிறியும் வேண்டுவதில்லை.

இத்துணைச் சிறந்த வீட்டை எவரேனும் மனமொப்பி இடிப்பரோ? ஒப்புவதில்லை, எனினும் இடிக்கின்றனர். காரணம் ஒரு சிறு கணக்கினுள் அடங்கும். வீடு எடுப்பித்த பெரியவர்க்கு மைந்தர் மூவர் எனக் கொள்வோம். அவர் ஒவ்வொருவர்க்கும் மும்மூவர், அம்மும்மூவர்க்கும் நந்நால்வர். நான்காம் தலைமுறையில் அவ்வீட்டிற்கு உரியார் 36 பேர். பெண்மக்கட்கும் பிறப்பாலே பங்குண்டென்று 1989-இல் தமிழ்நாட்டிலும் 2005-இல் இந்தியா முழுவதிலும் சட்டம் செய்யப்பட்டது. அது நீதியே; காலந்தாழ்ந்து வந்த நீதி என்றும் சொல்வோம். எனினும் பங்கின் எண்ணிக்கை அதனாற் பெருகியது என்பதும் உண்மை. இம்முப்பத்தறுவருள் அவ்வூரில் வாழ்வார் ஒருவரோ இருவரோ. 1942-இற் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும், 1948-இல் அந்நாடு விடுதலை பெற்றபின் நிலம் அரசுடைமையானதும், வீட்டை எடுப்பித்த வருவாயை வேரோடு சாய்த்தன. மக்கள் சென்னைக்கும் கோவைக்கும் கடல் கடந்தும் பிழைப்பு நாடிச் சென்றனர். திருமணத்திற்கும், முன்னோரை வழிபடும் படைப்பிற்குமே கதவு திறக்கும் வீடுகள் பல. எஞ்சிய நாளெல்லாம் பூட்டே காவல்.

வீடு நிற்பதற்குப் பெருஞ்செயல்கள் வேண்டுவதில்லை. கதவு திறந்து காற்றுப் புகவேண்டும். முற்றத்து நீர் போகும் மடையிற் சருகு அடையாது பார்க்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன்னே கூரையேறி உடைந்த ஓட்டை மாற்றவேண்டும். ஓர் ஓடு விலகினால் அதன்வழி இறங்கும் நீர் கைமரத்தை நனைக்கும். கைமரம் உளுத்தாற் சுவரின் தலை கரையும். கரைந்த சுவரிற் காகம் இட்ட எச்சத்தினின்று அரசங்கன்று முளைக்கும். அதன் வேர் சுண்ணாம்பைப் பிளக்கும். வீட்டில் வாழ்வார் இருப்பின் முதல் மழையிலேயே சொட்டும் இடத்தில் ஒரு பாத்திரத்தை வைத்து, மறுநாள் ஆளை அழைப்பர். பூட்டிய வீட்டில் அச்சொட்டைக் காண்பார் யார்? இங்கிலாந்தில் 1877-இல் வில்லியம் மாரிஸ் என்னும் கவிஞர் பழங்கட்டடங்களைக் காத்தற்குச் சங்கம் கண்டபொழுது, பழையதைப் புதுக்கி அழிப்பதைக் கடிந்து, நாளும் செய்யும் சிறு காவலையே வற்புறுத்தினார். அவர் தேவாலயங்களை நினைந்து சொன்னது வீடுகட்கு இன்னும் நன்கு பொருந்தும்.

பழுது பார்க்கத் துணிந்தவர்க்கும் இடர் உண்டு. சுண்ணாம்புச் சாந்து அரைத்துப் பூச வல்ல கொத்தனார் அருகிவிட்டனர். எளிதிற் கிடைப்பது சிமெண்டு. அதனைப் பழஞ்சுவர்மேற் பூசினால், உள்ளிருக்கும் ஈரம் வெளிப்பட வழியின்றித் தங்கி, உப்புப் பூத்து, இரண்டொரு மழைக்குள் பூச்சோடு சுவரும் பெயரும். பொருள் செலவிட்டும் வீடு கெட்டதே என உடையார் சோர்வர். அந்நாளிலேயே பழம்பொருள் வணிகர் வாயிலில் நிற்பர். வீட்டை வீடாக வாங்குவார் இல்லை. பிரித்துக் கொள்வாரோ பலர். தூணுக்கு ஒரு விலை, நிலைக்கதவுக்கு ஒரு விலை, பெல்ஜியக் கண்ணாடிக்கு ஒரு விலை, உடைந்த ஓட்டிற்கும் ஒரு விலை. காரைக்குடியிலுள்ள பழம்பொருட் கடைகளிற் சாய்த்து வைத்திருக்கும் கதவுகளைக் கண்டவர் அறிவர். நின்ற வீட்டிற்கு இல்லாத மதிப்பு, வீழ்ந்த வீட்டிற்கு வந்துவிடுகின்றது. இந்நிலையில், ஆண்டுதோறும் பணம் கேட்கும் வீட்டை விட்டு, ஒருமுறை பணம் தரும் மரத்தை முப்பத்தறுவரும் விரும்பினால், அவரைப் பழித்தல் நேர்மையோ? அங்ஙனம் பழிப்பாருட் பெரும்பாலோர் அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர் என்பதும் நினைக்கத்தக்கது.

நிற்க. எம் வகுப்புத் தோழர் ஒருவர் வேறொரு தடை எழுப்பினார். பர்மா உழவனின் நிலத்தை வட்டியாற் கவர்ந்த செல்வத்தில் எழுந்த வீடுகள் அழிந்தால் அழியட்டுமே; கூரையற்ற ஏழைகள் ஆயிரவர் இருக்க, இவற்றிற்கு இரங்குவானேன் என்பது அவர் கேள்வி. எளிதில் தள்ளத்தக்க கேள்வியன்று இது. கீழ்ப்பர்மாவின் முதன்மையான நெல்விளை மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930-இற் செட்டியார் வசம் இருந்த நிலம் 100-க்கு ஏறத்தாழ 6. நெல்விலை வீழ்ந்து கடன் நின்றுபோனபின், 1938-இல் அது 25 ஆயிற்று. இதனை மறைத்துவிட்டு அவ்வீடுகளைப் பாடுதல் பொய்ம்மை. ஆயினும், வீடு இடிவதால் அவ்வுழவனின் பேரனுக்கு ஒரு பிடி மண்ணும் மீள்வதில்லை. தேக்கைச் செதுக்கிய ஆசாரியும், சாந்தரைத்த பெண்ணும், கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றித் தளக்கல் வார்த்த ஆத்தங்குடித் தொழிலாளியும் செல்வரல்லரே; அவர் கைவேலையும் உடன் அழிகின்றது. வீடு நின்றாலன்றோ அதன் தேக்கு எங்கிருந்து வந்தது என்று எம்போல்வார் கேட்கவும் இயலும்?

இனி, செய்யத்தக்கது யாது? மரபுக் காப்பு ஆணையத்திற்கெனத் தமிழ்நாட்டில் 2012-இற் சட்டம் இயற்றப்பட்டது. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய முன்பட்டியலிற் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் இடம்பெற்றன. இரண்டும் மகிழத்தக்கனவே. ஆனால் சட்டமும் பட்டியலும் கூரையேறி ஓடு மாற்றா. இடிக்காதே என்று மட்டும் ஆணையிட்டால், உடையார் இடியார். தாமே விழட்டும் என்று விட்டுவிடுவர்.

யாம் கருதும் வழி பழைய சட்டமொன்றிலேயே பாதி கிடக்கின்றது. 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டத்தின்படி, பிரிக்கவொண்ணாத சொத்தைப் பாதிக்குக் குறையாத பங்குடையார் விற்கக் கேட்டால், ஏனைய பங்காளி அப்பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ள வேண்டலாம். குடும்ப வீட்டின் பங்கை அயலார் வாங்கிப் பிரிவினை கோரினும், அதனைத் திரும்ப வாங்கும் உரிமை குடும்பத்தார்க்கு உண்டு. ஆகவே வீட்டில் வாழ விரும்பும் ஒரு பங்காளிக்கு உரிமை இருக்கின்றது, பணந்தான் இல்லை. முப்பத்தைந்து பங்கிற்கு விலை கொடுக்க ஆசிரியராலோ சிறு வணிகராலோ ஆகுமோ? புது வீடு கட்டுவார்க்கு வங்கிகள் இருபதாண்டுத் தவணையிற் கடன் தருகின்றன. பழவீட்டின் பங்கை மீட்டு அதிலேயே குடியிருப்பார்க்கு, அரசோ கூட்டுறவுச் சங்கமோ குறைந்த வட்டியில் அத்தகைய நெடுங்கடன் ஏன் தரலாகாது? பழுது பார்க்கும் செலவும் அக்கடனுள் அடங்கவேண்டும்; அவ்வேலை சுண்ணாம்பிலேயே நடைபெறவேண்டும். வேலை உண்டென்று தெரிந்தால் அத்தொழிலைக் கற்கும் இளைஞரும் வருவர்.

வீடுகளை விடுதியாக்கினாற் போதாதோ எனச் சிலர் கேட்பர். ஆக்கிய இடங்களில் வீடு பிழைத்திருக்கின்றது, அதற்காக மகிழ்கின்றோம். ஆனால் எழுபது ஊர்களின் வீடுகளுக்கும் விருந்தினர் எங்கிருந்து வருவர்? அன்றியும், வாடகைக்கு வந்தவர் படைப்பு நடக்கும் அறையைப் படம் பிடித்துச் செல்லலாமேயன்றி, அங்குப் படைக்கப்படும் முன்னோர் இன்னார் என அறியார்.

இக்கடன் பெறுவோர் ஆண்டில் எத்தனை மாதம் அவ்வீட்டில் அடுப்பு மூட்டி வாழ்தல் வேண்டும் என்பதை வரையறுப்பதே அரிது. பத்து மாதம் என்போம் யாம். விடுதித் தோழர் சிலர், ஆறு மாதம் போதும், ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் அவற்றுள் அடங்கவேண்டும் என்கின்றனர்.