ஆமெச்சூர் என்கிற அந்தஸ்து

தமிழ் நாடகத்தைக் கூத்தாடிகளிடமிருந்து கனவான்கள் மீட்டார்கள் என்ற கதையை நமது நாடக வரலாறுகள் அலுக்காமல் ஒப்பித்து வருகின்றன. ஆதாரம், 1891ல் சென்னையில் தோன்றிய சுகுண விலாச சபை.

பல்லாரியிலிருந்து வந்த சரஸ விநோதினி சபையின் தெலுங்கு நாடகங்களைப் பார்த்த பிறகே பம்மல் சம்பந்த முதலியாருக்கு மேடை ஆசை பிறந்தது. அவரை ஈர்த்தது நடிப்பு மட்டுமல்ல; நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகஸ்தர்கள் என்பதும்தான். விக்டோரியா பப்ளிக் ஹாலில் அப்படி எதை மீட்டார்கள்? ரங்கவடிவேலு போன்ற ஆண்களே ஸ்திரீ பார்ட். பாட்டு, படுதா, பார்ஸிக் கம்பெனி ஜோடனை. எல்லாம் தொழில்முறைக் கம்பெனிகளிலும் இருந்தவை. வித்தியாசம் சம்பளத்தில் இருந்தது. இரவு நடித்துவிட்டுக் காலையில் கோர்ட்டுக்குப் போகிறவன் கலைஞன். நடித்தால்தான் சோறு என்றிருப்பவன் கூத்தாடி. (மாதச் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதும் நமக்கும் இந்த நோய் உண்டு. காசு வாங்காததையே தரம் என்று நம்புகிறோம்.)

முதலியாரின் உழைப்பு பெரியது. தொண்ணூறுக்கு மேல் நாடகங்கள். வசனத்துக்கு அவர் வாங்கித் தந்த இடம் சாதாரணமானதல்ல. ஆனால் அவருடைய ஹாம்லெட், அமலாதித்யனாகப் பெயர் மாறி வந்தும், காலேஜ் வாசனை போகவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918ல் மதுரையில் நடத்திய பையன்கள் கம்பெனியில் டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தார்கள். அடியும் பசியும் பாடமுமாக அங்கே நடிகர்கள் உருவானார்கள். அந்தப் பையன்களின் உழைப்பை எழுதாமல், சபை மெம்பர்களின் பொழுதுபோக்கை நாடக மறுமலர்ச்சி என்று எழுதுகிறோம். சுகுண விலாச சபை இன்று அண்ணா சாலையில் ஒரு கிளப்.