சுட்டால்தான் கேஸா?

“துப்பாக்கிய செஞ்சா என்ன, வச்சிருந்தா என்ன? யாரையும் சுடாத வரைக்கும் கேஸ் இல்ல.” படப்பையிலிருந்து ஒரகடம் வரை டீக்கடையிலும் லேத் பட்டறையிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழுகிறது. படித்தவர்களும் இதையே சொல்கிறார்கள். இது முழுப் பொய். இந்தப் பொய்யை நம்பி ஒரு பையன் விளையாட்டாகச் செய்கிற காரியம் அவன் இளமையையே சிறைக்குள் கொண்டுபோய்விடும். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். அதற்கென்று தனி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கிக் குழலை எவரும் குட்டையாக்கக் கூடாது. பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றவும் கூடாது. சுட்டாரா, உள்ளே தோட்டா இருந்ததா, யாருக்காவது காயம் பட்டதா என்றெல்லாம் அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. அறுத்ததுமே குற்றம் நடந்து முடிந்துவிட்டது. “என் துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் இருக்கே” என்பதும் எடுபடாது. வைத்துக்கொள்ளத் தந்த லைசென்ஸ், வெட்டுவதற்கு அனுமதி ஆகாது. இதற்கான தண்டனை முன்பு குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு. 2019 திருத்தம் அந்த 7 ஆண்டையே ஆரம்பமாக வைத்து, ஆயுள் தண்டனை வரை நீட்டிவிட்டது. அபராதம் தனி.

நீளத்தில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் சட்டத்திலேயே பதில் உண்டு. குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும் ஸ்மூத் போர் துப்பாக்கிக்கு 13ஆவது பிரிவு ஓர் அளவு வைத்திருக்கிறது: 20 அங்குலம். அதற்குக் குறையாத குழல் என்றால் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ முறைப்படி விண்ணப்பிக்கலாம். அதற்குக் கீழே போனால் அது கட்டுப்படுத்தப்பட்ட வகை. சாமானியன் கைக்கு வரும் பொருளே அல்ல. நீளத் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தெருவே பார்க்கும். குட்டைத் துப்பாக்கி சட்டைக்குள்ளும் பைக்குள்ளும் மறைந்துவிடும். குழலை வெட்டுவதற்கு, மறைப்பதைத் தவிர வேறு நல்ல காரணம் ஒன்றை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

பையன்கள் செல்போனில் பார்ப்பது துப்பாக்கியை மாற்றியமைக்கும் அமெரிக்க வீடியோக்களை. அங்கே 1934லிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால் முன்கூட்டியே விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, அனுமதி வந்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். பல பத்தாண்டுகளாக அதற்கு 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரியில்தான் அது பூஜ்யமானது. அனுமதியில்லாமல் செய்தால் அங்கேயும் 10 ஆண்டு வரை சிறை. வீடியோவில் சிரித்துக்கொண்டே ஸ்குரூவைத் திருகுகிறவர் அந்த அனுமதி வேலையையெல்லாம் முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். நம் பையன் பார்ப்பது ஸ்குரூவை மட்டும்தான்.

எனக்கு அதிகக் கவலை தருவது பட்டறைக்காரர்களின் நிலைதான். இந்தப் பகுதியில் ஜாப் ஒர்க் எப்படி நடக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒருவர் பேப்பரில் பென்சிலால் கோடு போட்டு அளவு எழுதிக் கொண்டுவருவார். “எத்தனை பீஸ்?” என்பதுதான் முதல் கேள்வி. சக்கில் ராடைப் பிடித்து, கூலன்ட் வழிய, பிசிறு சுருள் சுருளாகக் காலடியில் விழும். அரை மணியில் வேலை முடிந்து காசு கைமாறும். எதற்கு என்று கேட்கும் வழக்கமே இல்லை. ஆனால் 5ஆவது பிரிவின்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியைத் தயாரிப்பது மட்டுமல்ல, மாற்றுவது, ரிப்பேர் பார்ப்பது, சோதிப்பது எல்லாமே குற்றம். சட்டம் ஆயுதம் என்று சொல்லும்போது அதன் பாகங்களும் அதில் அடக்கம். “வெறும் குழாய்தான சார் கடைஞ்சேன்” என்று நீதிபதி முன்னால் நின்று சொல்லும் நிலை எந்தத் தொழிலாளிக்கும் வரக் கூடாது. சந்தேகமான டிராயிங் வந்தால் திருப்பி அனுப்புங்கள். போகிற கூலி போகட்டும்.

இதுபோல இன்னும் இரண்டு பேச்சுகள் உண்டு. ஏர் கன்னுக்கு லைசென்ஸே வேண்டாம் என்பது பாதி உண்மை. குண்டு வெளிவரும் ஆற்றல் 20 ஜூலுக்கு மேல் போனாலோ, துளை 0.177 அங்குலத்தைத் தாண்டினாலோ வேண்டும். தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடக்கிறது, அதை யார் கேட்பார்கள் என்பதும் தவறு. ரிப்பேர் செய்தால்கூடச் சுட முடியாத நிலையில் இருந்தால்தான் பழம்பொருள் என்ற சலுகை.

“அப்போ பயிரைப் பன்னி தின்னா நாங்க என்ன பண்றது?” என்று விவசாயி கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிகிறேன். நான்கு மாத உழைப்பு ஒரே ராத்திரியில் போவதைப் பார்த்தவரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டுவது கொடுமை. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தது. அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினர் மட்டும். அது போதாது என்று விவசாயிகள் கொந்தளிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை நாட்டுத் துப்பாக்கியில் கொண்டுபோய்த் தொலைக்க வேண்டாம். பயிர்ப் பாதுகாப்புக்கு முன்வாயில் மருந்து இடிக்கும் துப்பாக்கி கேட்கும் விவசாயிக்கு லைசென்ஸ் தர அதே 13ஆவது பிரிவு இடம் வைத்திருக்கிறது. மறுத்தால் அதிகாரி காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கேட்டால் அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். சில விதிவிலக்குகள் தவிர அதன்மேல் அப்பீலும் போகலாம். திருட்டுத் துப்பாக்கி செய்யக் கற்றுத்தருகிற அண்ணன்கள் நம் ஊரில் தாராளமாக இருக்கிறார்கள். லைசென்ஸ் மனுவை எழுதித் தரத்தான் ஆளில்லை. விவசாய சங்கங்கள் முதலில் அதைச் செய்யட்டும்.