கண்படை நிலையும் கைக்கடிகாரமும்

தொல்காப்பியம் பாடாண் திணையில் கண்படை நிலை, துயிலெடை நிலை என இரு துறைகளைக் கூறுகின்றது. மன்னன் இனிது உறங்க வேண்டும் என விழைவது முன்னது. உறங்கும் மன்னனைப் புகழ் பாடி எழுப்புவது பின்னது. ஒருவனது உறக்கம் அவனைச் சூழ்ந்தோரும் பேண வேண்டியது என்னும் கருத்து இதனாற் பெறப்படும். இன்றோ அப்பொறுப்பு, மணிக்கட்டில் கட்டும் கருவியிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. அக்கருவி உறக்கம் தருமா என்பதே வினா.

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலையில் இவ்வினா வெறும் பொழுதுபோக்கன்று. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை எழுந்தது. ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில் இரவும் பகலாயிற்று. இரவு ஷிப்டு முடிந்து விடியலில் அறை திரும்பும் இளைஞர், தகரக் கூரையின் வெம்மையிலும் தெருவின் ஓசையிலும் கண்ணயர வேண்டியுள்ளது.

ஸ்மார்ட் வாட்ச் கை அசைவையும், ஒளி பாய்ச்சி நாடித் துடிப்பையும் அளந்து உறக்கத்தை ஊகிக்கின்றது. மருத்துவமனை ஆய்வுக்கூடமோ மூளையின் மின்னலைகளையே பதிவு செய்கின்றது. அசையாது விழித்திருப்பவனை உறங்குபவனாக வாட்ச் எண்ணிவிடுவதும் உண்டு. மேலும், நல்ல மதிப்பெண் வேண்டுமென்ற கவலையாலேயே உறக்கம் கெடுவோரைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள், 2017-இல் அந்நிலைக்கு 'ஆர்த்தோசோம்னியா' எனப் பெயரிட்டனர்.

எனினும் கருவியை முற்றும் பழித்தல் நடுவுநிலை ஆகாது. எத்தனை மணிக்குப் படுத்தோம், எத்தனை நாள் உறக்கம் குறைந்தது என்பதை அது நினைவூட்டும். உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்குறியை உணர்த்தும் வாட்ச் ஒன்றின் வசதிக்கு, 2024-இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. ஆயினும் அளவுகோல் மருந்தாகாது. காய்ச்சலை அளக்கும் வெப்பமானி காய்ச்சலைத் தணிப்பதில்லை.

நம் உயிரணுக்களுள் இயங்கும் உடற்கடிகாரத்தின் நுட்பத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு வழங்கப்பெற்றது. அக்கடிகாரம் கதிரவனுக்குக் கட்டுப்பட்டது; ஆலைச் சங்கிற்கன்று. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப் பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007-இல் சேர்த்து, 2019-இல் அதனை உறுதி செய்தது. காரணம் பணி நேரத்தில் இருக்க, தீர்வை மணிக்கட்டில் தேடுதல் எங்ஙனம் பொருந்தும்?

2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேரப் பணிக்கு வழிவகுக்கும் சட்டத் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பெழவே, மே முதல் நாளில் அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் மகளிர் விடுதி திறக்கப்பட்டது. இரண்டும் எந்த வாட்சினும் உறக்கத்தைத் தொடுவன. ஒரே ஷிப்டினரை ஓர் அறையில் தங்கச் செய்தல், பகலில் இருள் தரும் திரைச்சீலை, காலை - மாலை - இரவு என முன்னோக்கிச் சுழலும் பணிமுறை ஆகியன பெருஞ்செலவு கோருவன அல்ல. வாட்ச் சேர்க்கும் கணக்கு தொழிலாளிக்கே உரியதாதல் வேண்டும். மேலாளர் மேசைக்குச் செல்லுமாயின் அது காவலன்று, கண்காணிப்பு.

பட்டம் பெற்று அவ்வாலைகளுக்குச் செல்லவிருக்கும் மாணவச் செல்வங்கள் வாட்சை விரும்பின் அணியலாம். ஆனால் அது காட்டும் எண் குறையுந்தோறும் தம்மை நொந்துகொள்ளாது, தம் பணிநேரத்தையும் உறைவிடத்தையும் குறித்து வினவுதல் வேண்டும். அன்று மன்னனுக்கு வாய்த்த கண்படை இன்று தொழிலாளிக்கும் உரியது.