வாப்பாவின் தொழில் என்ன?



கலஹாவில் எங்களுக்குத் தெரிந்த ஒரு மேசன் பாஸ். தலைமுறை தலைமுறையாக வீடு கட்டும் குடும்பம். அவருடைய மகள் பாடசாலைப் படிவத்தில் வாப்பாவின் தொழில் 'வியாபாரம்' என்று எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். "உம்மாதான் மாமி அப்படி எழுதச் சொன்னா. பாஸ் என்றால் மதிக்க மாட்டார்களாம்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1877 ஜனவரி முதலாம் திகதி கொழும்பு நூதனசாலை திறக்கப்பட்டது. வரைபடம் அரசாங்கக் கட்டடக் கலைஞர் ஸ்மிதருடையது. கட்டி முடித்த கொந்தராத்துக்காரரோ நம் சமூகத்து வாப்புச்சி மரிக்கார். என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கிரகரி கேட்டாராம். மரிக்கார் பட்டமோ பணமோ கேட்கவில்லை. ஜும்ஆ நாளாகிய வெள்ளிக்கிழமையில் நூதனசாலையை மூட வேண்டும் என்றாராம். நீண்ட காலம் அவ்வாறே வெள்ளிக்கிழமைகளில் அது மூடப்பட்டிருந்தது. புறக்கோட்டையின் பழைய நகர மண்டபமும் அவர் கட்டியதே.

அவருடைய மகன் அப்துர் ரஹ்மான் சட்டநிருபண சபை அங்கத்தவரானார். பேரன் சேர் ராசிக் பரீட். 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவாக முன்னின்றவர் அவரே. கல்லும் சுண்ணாம்பும் கொண்டு உயர்ந்த குடும்பம், நம் பெண் பிள்ளைகள் படிக்கவும் இடம் தேடித் தந்தது.

உம்மாமாரே! நம்மை வாழவைக்கும் ஹலாலான தொழிலை நாமே மறைத்தால், பிள்ளை வாப்பாவை எப்படி மதிக்கும்? அடுத்த படிவத்தில் 'மேசன்' என்றே எழுதச் சொல்லுங்கள்.