நாடோடிப் பாடலும் நாணமும்

நம் நாட்டுப் பாமர மக்களின் பாடல்களைப் பற்றி மேடைதோறும் பெருமை பேசுகின்றோம். தாலாட்டை வியக்கின்றோம், ஒப்பாரிக்கு உருகுகின்றோம். ஆயின், அதே நாவிற் பிறந்த காமச்சுவைப் பாடலொன்று செவிப்படின், முகஞ்சுளித்து, 'இஃது ஏட்டில் ஏறத்தக்கதன்று' என ஒதுக்கிவிடுகின்றோம். இவ்வொதுக்கம் முறையாகுமா?

இராசபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்து அய்யனார் கோவிலுக்குச் செல்லும் வழியிலுள்ள வயல்களையும், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களையும் நினைத்துப் பாருங்கள். நாற்று நடுவோர்க்கு இடுப்பு நோவெடுக்குங்கால் ஒருத்தி அடியெடுத்துக் கொடுப்பாள். ஏனையோர் நகைத்தவாறே ஏற்றுப் பாடுவர். மணவீட்டில் மாப்பிள்ளையை ஏசுதற்கும் பாட்டுண்டு. மைத்துனன், கொழுந்தி முறையார் முன் தடையின்றி எழும் அப்பாட்டு, தந்தையோ தமையனோ வரக்கண்டால் அடங்கிவிடும். யார் முன் பாடலாம், யார் முன் பாடலாகாது என்னும் வரம்பினைப் பாடுவோர் நன்கறிவர். வரம்புடைய ஒன்றை வரம்பற்றது என்று பழித்தல் பொருந்தாது.

கிறிஸ்தவராகிய நமக்கு இவ்வாராய்ச்சி தகுமோ என வினவுவார் உளர். காதலரின் உறுப்புநலம் பாடும் உன்னதப்பாட்டைத் திருச்சபை வேதாகமத்தினின்றும் நீக்கிவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் தோன்றிய ஆண்டாளின் நாச்சியார் திருமொழி, 143 பாசுரங்களும் குறையாமல், நாலாயிரத்துள் நிற்கின்றது. இவ்விரண்டுக்கும் உரைகாரர் ஞானப்பொருள் கண்டனர். நடவுப் பெண்ணின் பாட்டுக்கு உரைகாரர் இல்லை. அதனாலேயே அஃது ஆபாசமாயிற்றுப் போலும்!

பெர்சி மாக்வீன் என்னும் ஆங்கில அதிகாரி தொகுத்த பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 1958-இல் 'மலையருவி' எனப் பதிப்பித்தார். நா. வானமாமலையும் அத்துறையில் அருந்தொண்டாற்றினார். இடைசெவலிற் பிறந்த கி. ராஜநாராயணன் (1923–2021) ஒருபடி மேற்சென்று, மக்கள் வாய்மொழியாக வழங்கிய பாலியற் கதைகளைத் திரட்டி, 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்னும் பெயராலேயே வெளியிட்டார். படித்தற்குரியார் யார் என்பதை அட்டையே அறிவித்தமையால், கதைகளும் பிழைத்தன, சிறுவர்க்கும் தீங்கில்லை. கதைக்கு இயன்ற இது பாடலுக்கு இயலாதோ?

எல்லாப் பாடல்களும் நல்லன என்று யான் கூறவில்லை. பெண்ணை இழித்தும், தாழ்த்தப்பட்டோரை எள்ளியும் களிப்பன சில உள. அவற்றையும் எழுதிவைத்தல் வேண்டும். பாராட்டுதற்கன்று, நம் சமூகத்தின் நோயை அறிதற்கு. வேறு சிலவோ எளியோர் வலியோர்மீது வீசும் நகை. பண்ணையாரின் காமத்தையும், இளம்பெண்ணை மணந்த கிழவனின் ஆற்றாமையையும் நேரே சொல்ல இயலாதவள் பாட்டிலே சொல்லிவிடுகின்றாள். அவ்வடிகளை வெட்டியெறிவோமாயின் அவள் நகைப்பு மறைந்துவிடும். தாலாட்டும் ஒப்பாரியுமே எஞ்சும். நம் பாட்டிமார் அழவும் உறங்கவைக்கவும் மட்டுமே அறிந்தவர் என வருங்காலத்தார் எண்ணுவர். அதனினும் பெரிய பொய் வேறில்லை.

காலமோ காத்திராது. நீரிறைக்கும் இயந்திரம் வந்தது, ஏற்றம் போயிற்று, ஏற்றப்பாட்டும் உடன் போயிற்று. நடவுக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பாடத் தெரிந்த மூதாட்டியரும் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆதலின் நம் கல்லூரித் தமிழ்த்துறைக்கு ஒரு விண்ணப்பம். மிஷன் கல்லூரிக்கு இது புதுமையன்று. பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித்துறையே கண்டது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தத்தம் ஊர்ப் பாடல்களைத் திரட்டுக. பெண்டிர் தமக்குள்ளே மட்டும் பாடுவனவற்றை மாணவியரே கேட்டெழுதுக; ஆடவர்முன் அவை வெளிவாரா. பாடுவோர் இசைவு பெற்று, ஒரு சொல்லும் மாற்றாது எழுதுக. இம்மலரில் அவற்றை அச்சிட வேண்டுமென யான் கேட்கவில்லை. நூலகத்தில் ஒரு பெட்டியிற் பூட்டி வைத்து, ஆராய்வோர்க்கு மட்டும் திறந்தாற் போதும். பூட்டிய பெட்டியைப் பின்வருவோர் திறந்துகொள்வர். எழுதாது விட்டதை எவரும் மீட்டல் அரிது.