கல்லுடைக்கும் கருவியும் கணக்குக் கேட்கும் உரிமையும்

கல்லடைப்பு நோயின் கொடுமை அதனை அனுபவித்தவர்க்கே தெரியும். விலாவிலே தொடங்கி அடிவயிற்றுக்கு இறங்கும் அந்த வேதனை வந்துவிட்டால், நீதிமன்றத்திலே வாதிடும் வழக்கறிஞரும் வயலிலே வரம்பு கட்டும் கமக்காரரும் ஒரேவிதமாகத் துடித்து விழுகின்றனர். முன்னாளில் இந்நோயாளிக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று, பல்லைக் கடித்துப் பொறுத்திருத்தல். மற்றையது, கத்திக்கு உடலைக் கொடுத்தல். இன்றோ உடலைக் கீறித் திறவாமலே கல்லைத் துகளாக்கி வெளியேற்றும் வித்தை வைத்தியருக்குக் கைவந்துவிட்டது.

இது கண்டு மகிழாதார் யார்? எனினும், மகிழ்ச்சியோடு ஒரு வினாவையும் எழுப்புதல் நம் கடமையாகும். புதிய கருவி ஒன்று வந்துவிட்டது என்பதனாலேயே நோயாளிக்கு நன்மை விளைந்துவிட்டது என்று கொள்ளலாமா? கருவியின் பெருமையை அதனை விற்பவர் வாயால் அறிவதா, சிகிச்சை பெற்றோரின் நிலையை எண்ணிப் பார்த்து அறிவதா? எண்ணிப் பார்த்தே அறிதல் வேண்டும் என்பதும், அந்த எண்ணிக்கையைக் கேட்கும் உரிமை பொதுமக்களுக்கு உண்டு என்பதுமே நாம் இங்கு வற்புறுத்த விரும்பும் கருத்தாகும்.

பாரிசு நகரில் பிறந்த கணக்கு

கல்லை அறுத்தெடுக்கும் முறை சுசுருத சங்கிதையிலேயே விரித்துரைக்கப்பட்டிருக்கிறது. மேற்கிலோ, ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் சத்தியமொழி, கல்லடைப்பு நோயாளியை அறுக்கும் தொழிலை அதில் வல்லாரிடமே விட்டுவிடும்படி வைத்தியனைப் பணித்தது. அத்துணை ஆபத்தானது அத்தொழில். மயக்க மருந்து அறியப்படாத அக்காலத்திலே, 1824ஆம் ஆண்டில், பாரிசு நகரத்து ஜான் சிவியால் என்னும் வைத்தியர் புதுவழி கண்டார். சிறுநீர் வழியூடாகவே ஒரு கருவியைச் செலுத்தி, சிறுநீர்ப்பையிலே கிடந்த கல்லைப் பற்றித் துளைத்து நொறுக்கினார். உடலில் ஒரு வெட்டுக்கூட விழவில்லை.

சிவியாலின் சிறப்பு அக்கருவியோடு முடியவில்லை. பழைய முறையில் அறுக்கப்பட்டோர் எத்தனை பேர், இறந்தோர் எத்தனை பேர், புதிய முறையில் எத்தனை பேர் என்று ஐரோப்பாவின் பல இடங்களிலிருந்தும் கணக்குத் திரட்டினார். 1835இல் பாரிசு விஞ்ஞானக் கழகத்தின் முன் வந்த அக்கணக்கின்படி, அறுவையில் ஐவருக்கு ஒருவர் வரை மாண்டிருந்தனர். கல் நொறுக்கும் முறையிலோ மாண்டவர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. ஆயினும், நோயாளர் ஒவ்வொருவரும் வெவ்வேறானவர், அவர்களை எண்ணிக் கூட்டிப் பார்த்தல் தகுமோ என்று கழகத்தார் ஐயுற்றனர். அவ்வையம் அன்று எழுந்தது வியப்பன்று. ஆனால் எண்ணிப் பாராதிருந்தால் எந்த முறை உயிர் காக்கிறது என்பதை எவ்வாறு அறிந்திருக்க முடியும்?

துகளாகும் கல்

அதன்பின் நெடுங்காலம் கடந்தது. 1976இல் சுவீடன் நாட்டு வைத்தியர்களான பேர்ன்ஸ்ட்ரோமும் யோஹான்சனும், முதுகுப்புறத்திலே ஒரு சிறு துளையிட்டு அதன் வழியே சிறுநீரகக் கல்லை எடுக்கும் முறையை வெளியிட்டனர். 1980இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில், விமானங்கள் கட்டும் டோர்னியர் கம்பனி ஆக்கிய இயந்திரத்தைக் கொண்டு, கிறிஸ்டியன் ஷாவுசி என்னும் வைத்தியரும் அவர்தம் கூட்டாளிகளும் உடலுக்கு வெளியே எழுப்பிய அதிர்வலையால் உள்ளிருந்த கல்லை உடைத்தனர். நோயாளி நீர்த்தொட்டியிலே கிடந்தார், துளையில்லை, தையலில்லை. பின்னர், வளைந்து செல்லும் மெல்லிய நோக்குக்குழாயைச் சிறுநீர்க்குழாய் வழியே சிறுநீரகம் வரை செலுத்தி, லேசர்க் கதிரால் கல்லைப் பொடியாக்கும் முறையும் பரவியது. அண்மை ஆண்டுகளிலே தூலியம் என்னும் தனிமத்தைக் கொண்டியங்கும் நாரிழை லேசரும், உடைந்த துகளை உடனுக்குடன் உறிஞ்சியெடுக்கும் உறைகுழாயும் வந்துள்ளன.

இவற்றிற்கும் அப்பால் ஒரு முயற்சி அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே நடைபெறுகிறது. ஓங்கியடிக்கும் அதிர்வலைக்குப் பதிலாக, சிறுசிறு ஒலியலைத் தொகுதிகளை விரைவாகச் செலுத்திக் கல்லை உடைப்பதே அதன் நோக்கம். நோயாளி விழித்திருக்கவே, மயக்க மருந்தின்றி, சாதாரண அறையொன்றிலே இதனைச் செய்துவிடலாம் என்பது ஆய்வாளரின் நம்பிக்கை. 2022இல் வெளியான முதற்கட்ட ஆய்விலே பத்து நிமிடத்திற்கு மேற்படாத சிகிச்சையில் கற்களின் பெரும்பகுதி நுண்துகளாயிற்று. ஆனால் அவ்வாய்விற் பங்குபற்றியோர் 19 பேர் மட்டுமே. அவர்களும் வேறொரு சிகிச்சைக்காக மயக்கத்தில் இருந்தவர்களே. நம்பிக்கை கொள்ள இது போதும், தீர்ப்பளிக்கப் போதாது.

புதியதெல்லாம் பொன்னல்ல

தீர்ப்பளிக்கும் கணக்கு எத்தகையது என்பதற்குச் சான்றுகள் உண்டு. சிறுநீர்க்குழாயிலே கல் சிக்கிய 613 பேரை ஐக்கிய இராச்சியத்து ஆய்வாளர், திருவுளச்சீட்டுப் போட்டாற்போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு முதலில் அதிர்வலை. மறு பிரிவுக்கு நோக்குக்குழாயும் லேசரும். மேலும் சிகிச்சை தேவைப்பட்டோர் அதிர்வலைப் பிரிவில் நூற்றுக்கு ஏறத்தாழ 22 பேர். மற்றைய பிரிவில் ஏறத்தாழ 10 பேர். இவ்வளவில் நிறுத்தினால் லேசரே வென்றது என்போம். ஆயின் மறுபக்கத்தையும் பாருங்கள். அதிர்வலை பெற்றோரில் நூற்றுக்கு 78 பேர் மயக்க மருந்தும் சத்திரசிகிச்சைக்கூடமும் வேண்டாமலே தப்பினர். செலவும் ஆளொன்றுக்கு ஏறத்தாழ 800 பவுண் குறைந்தது. ஆகவே, பழைய கருவியை மூலையிலே போட்டுவிட்டுப் புதியதையே எல்லோருக்கும் விதிக்க வேண்டியதில்லை. எந்தக் கல்லுக்கு எது தகும் என்று தேர்வதே அறிவுடைமை.

கல்லடைப்பை விட்டு, அதே சிறுநீரியற் துறையின் வேறொரு நோய்க்குச் சென்றாலும் இதே படிப்பினைதான். முன்னிற்கும் சுரப்பியிலே புற்றுநோய் கண்ட 326 பேரை அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒப்பிட்டனர். ஒரு பிரிவினர்க்குத் திறந்த சத்திரசிகிச்சை. மறு பிரிவினர்க்கு ரோபோ இயந்திரத்தின் துணையுடன் சிறுதுளைச் சிகிச்சை. ரோபோ முறையிலே இரத்த இழப்புக் குறைந்தது. வைத்தியசாலையிலே கிடந்த நாளும் குறைந்தது. ஆனால் நோயாளர் பெரிதும் அஞ்சுகின்ற சிறுநீர்க் கட்டுப்பாடு, இல்லற வாழ்வு ஆகிய இரண்டிலும் ஈராண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராரும் ஏறத்தாழ ஒரே நிலையிலேயே இருந்தனர். இயந்திரம் பொய்யன்று; ஆனால் அதன் பெயரால் சொல்லப்படுவது எல்லாம் மெய்யுமன்று. பெருந்தொகை கொடுத்து அதனை வாங்க முற்படும் எந்த அரசாங்கமும் இக்கணக்கை முதலில் படித்தல் வேண்டும்.

கமக்காரர் அறிய வேண்டியது

கருவிகளைப் பற்றி இவ்வளவு பேசினோம். கல் மீண்டும் வாராமல் தடுப்பதற்கு என்ன கருவி உண்டு? 1996இல் இத்தாலியின் பார்மா நகரத்து ஆய்வாளர் வெளியிட்ட முடிவைக் கேளுங்கள். முதன்முறை கல் கண்ட 199 பேரிலே ஒரு பாதியினரை, நாளொன்றுக்கு இரண்டு லீற்றருக்குக் குறையாமல் சிறுநீர் கழியுமாறு நீர் அருந்தச் செய்தனர். ஐந்தாண்டு முடிவிலே அவர்களுள் மீண்டும் கல் கண்டவர் 12 பேர்; வழமைபோல இருந்தோருள் 27 பேர். நீர் செய்த வேலை இது! கல்லைத் தடுக்குமென்று நெடுங்காலம் கொடுக்கப்பட்டுவந்த ஹைட்ரோகுளோரோதயசைட் என்னும் மாத்திரையோ, சுவிற்சர்லாந்தில் 416 பேரைக் கொண்டு நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்விலே வெற்று மாத்திரையை விடச் சிறந்ததாகக் காணப்படவில்லை.

காலை முதல் மாலை வரை வெயிலிலே நின்று வியர்வை சிந்துபவருக்குச் சிறுநீர் சுண்டுகிறது. சுண்டிய சிறுநீரிலே உப்புக்கள் உறைந்து கல்லாகின்றன. மண்வெட்டியோடு தண்ணீரையும் தோட்டத்துக்குக் கொண்டு செல்லுதல் கமக்காரரின் முதற் சிகிச்சையாகும்.

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சுண்ணக்கல்லைக் குடைந்து எடுத்தவை. கேத்தலின் அடியிலே வெண்படை படிவதைக் கண்டு, அதுவே உடலுக்குள்ளும் கல்லாகிறது என அஞ்சுவார் உளர். கேத்தலிற் படிவது கல்சியம் காபனேற்று. சிறுநீரகக் கற்களிற் பெரும்பாலானவை கல்சியம் ஒட்சலேற்று. இவை வேறு வேறு பொருள்கள். உணவிலே கல்சியத்தைக் குறைப்பதும் பயன் தரவில்லை. பார்மா ஆய்வாளர் 2002இல் வெளியிட்ட மற்றொரு முடிவிலே, கல்சியத்தைக் குறைத்து உண்ட 60 பேருள் 23 பேருக்கு மீண்டும் கல் வந்தது. கல்சியத்தை வழமைபோல உண்டு, உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேருள் 12 பேருக்கே வந்தது. ஆகவே, கல்லுக்கு அஞ்சித் தண்ணீரைக் குறைப்பது நோயை வலிந்து அழைப்பதாகும். வடமத்திய மாகாணத்துக் கமக்காரரை வாட்டும் நாட்பட்ட சிறுநீரக நோய் வேறு, கல்லடைப்பு வேறு என்பதையும் இங்கே சொல்லிவைத்தல் வேண்டும். சிறுநீரகமோ இருதயமோ பழுதுற்றோர் அருந்தும் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டே வகுத்துக்கொள்ளல் நன்று.

தழும்பில்லாத ஆபத்து

இனி, யாவரும் கருத்திற் கொள்ளவேண்டிய ஒன்று. நோக்குக்குழாய்ச் சிகிச்சையின் பின் பலருக்குச் சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே ஸ்டென்ட் எனப்படும் மென்குழாய் ஒன்றை வைத்து அனுப்புகின்றனர். அது சில நாட்களிலோ வாரங்களிலோ அகற்றப்பட வேண்டியது. வலி நீங்கிய நோயாளி வீடு செல்கிறார். வயிற்றிலே தழும்பில்லை, நினைவூட்டத் தையலில்லை. அறுவடை வருகிறது, பஸ் கட்டணம் இல்லை, ஒருநாட் கூலியை இழக்க மனமில்லை. மாதங்கள் உருள்கின்றன. உள்ளே விடப்பட்ட குழாயின் மேலேயே கல் படியத் தொடங்குகிறது. ஆண்டுக்கணக்கில் அது கிடந்துவிட்டால், அதனை எடுப்பதற்கே பல சத்திரசிகிச்சைகள் வேண்டியிருக்கும். சிறுநீரகமே பழுதாதலும் உண்டு. கல்லை எடுக்கப் போய்க் கல்லை வளர்த்த கதையாகிறது.

இது யார் குற்றம்? மறந்த நோயாளி மீது பழியைப் போட்டுவிடுதல் எளிது. ஆனால் வைத்தவரிடம் பதிவு இருந்தால், திகதி வந்தவுடன் கடிதமோ தொலைபேசி அழைப்போ நோயாளியின் வீட்டுக்குப் போயிருக்குமன்றோ? கோடிக்கணக்கான ரூபாயில் லேசர் வாங்கலாம். ஒரு பதிவேடு வாங்கத் தடை யாது?

எமது கோரிக்கைகள் மூன்று. ஒன்று, கல்லடைப்புக்குச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு வைத்தியசாலையும், அரசினதாயினும் தனியாருடையதாயினும், குழாய் வைக்கப்பட்டோரின் பதிவேட்டைப் பேணி, குறித்த நாளில் அவர்களை அழைத்தல் வேண்டும். இரண்டு, எத்தனை பேர் சிகிச்சை பெற்றனர், எத்தனை நாள் காத்திருந்தனர், எத்தனை பேருக்கு மறுபடி சிகிச்சை வேண்டியதாயிற்று என்பதை ஆண்டுதோறும் பகிரங்கப்படுத்தல் வேண்டும். மூன்று, புதிய இயந்திரம் எதுவும் வாங்குமுன், அது யாருக்கு என்ன நன்மை செய்தது என்னும் ஆய்வுக் கணக்கை மக்கள் முன் வைத்தல் வேண்டும்.

ஏழைக்குப் புதுச் சிகிச்சை வேண்டாமென்று நாம் கூறுகிறோமா? ஒருபோதுமில்லை. கொழும்பிலே செல்வர் பெறும் சிகிச்சை வன்னிக் கமக்காரருக்கும் உரியதே. நகை அடகு வைத்தும் காணி விற்றும் அதனைப் பெற நேர்வதுதான் கொடுமை. பயனற்றதற்குச் செலவழித்த பணம், பயனுள்ளதைப் பெறவேண்டியவரிடமிருந்து பறித்த பணமாகும். பிறநாட்டுக் கணக்கு நம் நாட்டுக்குப் பொருந்தாது என்று நிபுணர் சிலர் கூறுவராயின், நல்லது. நம் நாட்டிலேயே எண்ணிக் காட்டட்டும்.

ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு வைத்தியர் தம் கருவியையும் கணக்கையும் சேர்த்தே உலகின் முன் வைத்தார். கருவியை நாம் ஏற்றுக்கொண்டோம். கணக்கையும் கேட்டுப் பெறுவோமாக!